மாட்டாஸ்பத்திரி பாட்டிலில் ஒரு வெப்பமானி

என் தங்கை நதியா சின்னமனூரில் ஒரு பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். பரிசோதனை நிலையம் என்றால் ரத்தம், சிறுநீர், சளி, மலம். விடிந்தும் விடியாமலும் ஜனங்கள் டப்பாவைக் கைக்குள் மறைத்துக்கொண்டு வந்து வரிசையில் நிற்பார்கள். சிலர் மூடியைச் சரியாகத் திருகாமல் கொண்டுவருவார்கள். சிலர் ஊறுகாய் பாட்டிலில், ஒட்டியிருக்கும் காகிதத்தைக்கூடக் கிழிக்காமல் கொண்டுவருவார்கள். நதியா அத்தனையையும் வாங்கிப் பெயர் எழுதி ஒட்டி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். மத்தியானம் கையைக் கழுவிக்கொண்டு அதே அறைக்குப் பின்னால் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடுவாள். ஒருமுறை நான் அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். தூக்குவாளியை வாசலிலேயே வைத்துவிட்டு, பஸ் வரும்வரை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

ஆனாலும் யாராவது கேட்டால், "எந்தங்கச்சி லேப்புல இருக்கா" என்று கொஞ்சம் உரக்கத்தான் சொல்வேன். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் அவள். நான் எட்டோடு நின்றவள். கம்பத்துக்குக் கிழக்கே இருக்கிற எங்கள் ஊரில் பள்ளியை விட்டு நின்ற பெண்ணுக்குத் திராட்சைத் தோட்டம்தான். பெட்டியில் அடுக்கும் முன் ஒவ்வொரு கொத்தையும் தூக்கிப் பிடித்து, அழுகின பழத்தையும் வெடித்த பழத்தையும் சின்னக் கத்தரியால் வெட்டி எடுப்பது என் வேலை. அழுகின திராட்சை விரலில் பட்டால் வழவழவென்று தோலைக் கழற்றிக்கொண்டு உள்ளே இருப்பதைத் துப்பும். நாள் முழுவதும் அதில்தான் கை. வீட்டுக்கு வந்தால் நகக்கண்வரை பிரஷ் போட்டுத் தேய்ப்பேன். "தோலு உரிஞ்சிரும்டி" என்பார் அம்மா. உரிந்தாலும் பரவாயில்லை என்று தேய்ப்பேன்.

இந்த வீட்டில்தான் அவளும் வளர்ந்தாள். செத்த பல்லியை வாலைப் பிடித்துத் தூக்கி, வயிற்றில் முட்டை இருக்கிறதா என்று சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்க்கும் பிள்ளை அவள். புளித்த மாவில் ஏன் ஓட்டை ஓட்டையாக வருகிறது என்று சட்டிக்குள் முகத்தை விடுவாள். நான் தலையில் ஒரு தட்டுத் தட்டி இழுத்துவருவேன்.

2003-ஆம் வருடம் அவள் எட்டாம் வகுப்பு. பள்ளியில் அறிவியல் கண்காட்சி வைத்தார்கள். அதில் தேர்வாகும் ஒரே ஒரு செய்முறை தேனியில் நடக்கும் மாவட்டக் கண்காட்சிக்குப் போகும். தேனியில் மைக்ராஸ்கோப் வைத்திருப்பார்கள், வருகிற பிள்ளைகள் எல்லோரும் கண் வைத்துப் பார்க்கலாம் என்று எவனோ வகுப்பில் சொல்லிவிட்டான். எங்கள் பள்ளியிலும் ஒன்று இருந்தது. கண்ணாடி கழன்றுபோய், பூட்டிய அலமாரியில் எட்டுக்கால் பூச்சிக்கு வீடாக இருந்தது. நதியாவுக்கு மெடல் வேண்டாம், மேடை வேண்டாம். அந்த மைக்ராஸ்கோப்பில் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். அதையே சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

வெப்பமானி செய்யப்போகிறேன் என்றாள். ஒரு பாட்டிலில் நிறத்தண்ணீர், மூடியில் ஒரு மெல்லிய குழாய், காற்றுப் புகாமல் அடைப்பு, அவ்வளவுதான். சூடு பட்டால் தண்ணீர் விரிந்து குழாயில் ஏறும். குளிர்ந்தால் இறங்கும். கேட்பதற்குச் சுத்தமாகத்தான் இருந்தது. அவள் சாமான் சேர்த்த விதம்தான் சகிக்கவில்லை. மாட்டாஸ்பத்திரிக்குப் பின்னால், சாணியும் ரத்தப் பஞ்சும் கொட்டிக் கிடக்கிற குழிக்குள் இறங்கி, பசுமாட்டுக்குக் கால்சியம் ஏற்றிப் போட்ட கண்ணாடி பாட்டிலை எடுத்துவந்தாள். அதில் ரப்பர் மூடி இருந்ததாம். ஊசி குத்திய ஓட்டை ஏற்கெனவே இருந்ததாம். குழாய்க்கு, தீர்ந்துபோன பேனா ரீஃபிலின் முனையைக் கழற்றிவிட்டு வாயில் வைத்து ஊதினாள். மிச்சமிருந்த மை தெறித்து உதடு, பல், நாக்கு எல்லாம் நீலம்.

"சனியனே, துப்பு."

"துப்பிட்டேன்க்கா. கொஞ்சம் முழுங்கிட்டேன்."

நான் பாட்டிலைச் சாம்பல் போட்டுக் கழுவி, சோப்பு போட்டுக் கழுவி, கொதிக்கிற தண்ணீர் ஊற்றி இன்னொரு முறை கழுவிக் கொடுத்தேன். அவள் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "மாட்டுக்குத் திருப்பி ஏத்தவாக்கா போறோம்?" என்றாள்.

நிறத்துக்கு முதலில் குங்குமம் கரைத்தாள். அது அடியில் தங்கிவிட்டது. பிறகு எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் என்ன செய்வார்களோ அதைச் செய்தாள். எங்களுக்குச் சாயம் என்றால் கறுப்புத் திராட்சைதான். திருவிழாவில் முறைமாமன் மேல் ஊற்றுகிற மஞ்சள் தண்ணீரில்கூட ஒரு கை திராட்சையைப் பிசைந்து விடுவோம். வெள்ளைச் சட்டையில் பட்டால் அந்தச் சட்டை அத்தோடு சரி. நதியா ஒரு கொத்தைப் பிழிந்து, துணியில் வடிகட்டி, தண்ணீர் சேர்த்து பாட்டிலை நிரப்பினாள். ரப்பர் மூடியில் ரீஃபிலைச் சொருகி, சுற்றிலும் மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றினாள்.

ஏறியது. நிஜமாகவே ஏறியது. உள்ளங்கையால் பாட்டிலைப் பொத்தினால் ரீஃபிலுக்குள் கருஞ்சிவப்பு நூல்போல மேலே வந்தது. எடுத்தால் இறங்கியது. பின்னால் ஒரு அட்டையைக் கட்டி அளவு குறித்தாள். டிகிரி போட அவளிடம் நல்ல வெப்பமானி இல்லை. அதனால் ஐஸ்காரரிடம் வாங்கிய ஐஸில் வைத்து 'ஐஸ்' என்று ஒரு கோடு. மேலே 'கிணத்துத் தண்ணி'. அதற்கு மேலே 'தகர வீட்டு மத்தியானம்'. எல்லாவற்றுக்கும் மேலே 'காய்ச்சல்'. இதற்காகப் பக்கத்து வீட்டில் காய்ச்சலில் படுத்திருந்த கருத்தம்மாள் அத்தையின் அக்குளில் பாட்டிலைக் கொண்டுபோய் வைத்திருக்கிறாள். அத்தை, "நாசமாப் போறவளே, சில்லுனு இருக்குடி" என்று திட்டியது தெருவுக்கே கேட்டது. அந்த பாட்டிலையும் நான் திரும்ப வாங்கித் துடைத்தேன்.

வெள்ளிக்கிழமை பள்ளியில் கொண்டுபோய் ஒப்படைத்தாள். அறிவியல் ஆசிரியர் அய்யாத்துரை சார் எல்லாவற்றையும் ஆய்வக அலமாரியில் வைத்துப் பூட்டினார். திங்கட்கிழமை கண்காட்சி. பெற்றோரும் வரலாம் என்றார்கள். அம்மா பிச்சையம்மாளுக்கு ஏலக்காய்க் காட்டு வேலை. அதனால் நான் தோட்டத்தில் லீவு சொல்லிவிட்டு, நல்ல சேலை கட்டிக்கொண்டு போனேன்.

ஆய்வகம் என்று சொல்லிக்கொண்ட அந்த அறைக்குள் கால் வைத்ததுமே ஏன் வந்தோம் என்று ஆகிவிட்டது. கை கழுவும் தொட்டியில் டீ கிளாஸ்கள் மிதந்தன. மூலையில் ஒரு ஜாடிக்குள் தவளை, பாதி தண்ணீர் வற்றிப்போய் முதுகு காய்ந்து வெளியே தெரிந்தது. அய்யாத்துரை சார் மூக்குப்பொடி போடுகிறவர். போட்டுவிட்டு விரலை எங்கே துடைப்பார் என்று கணக்கே கிடையாது. மேசை, சுவர், கரும்பலகைத் துணி, பிள்ளைகளின் முதுகு. இதையெல்லாம் ஒரு ஆள் இவ்வளவு வருடமாகப் பார்த்துக்கொண்டு, இங்கே நின்று சுத்தம் சுகாதாரம் என்று பாடம் எடுத்திருக்கிறார்.

அலமாரியைத் திறந்ததும் வந்தது ஒரு வாடை. தோட்டத்தில் ஒதுக்கிப் போட்ட பழக்குவியலின் வாடை. எனக்கு ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. நதியாவின் பாட்டிலில் நூல் 'காய்ச்சலை'த் தாண்டி, ரீஃபிலின் வாய்வழியாக வழிந்து, அட்டை நனைந்து, அடுத்திருந்த படத்தாள்மேல் ஓடியிருந்தது. மெழுகைச் சுற்றி நுரை. நுரையைச் சுற்றிப் பொடி ஈக்கள். பக்கத்தில் முத்துராஜாவின் எரிமலை இருந்தது. அவன் அப்பா பெரிய தோட்டக்காரர், பெற்றோர் சங்கத் தலைவரும் அவர்தான். எரிமலையை மதுரையில் கடையில் வாங்கியிருந்தார்கள். அடியில் ஒட்டியிருந்த விலைச்சீட்டைக்கூட உரிக்கவில்லை.

அய்யாத்துரை சார் குனிந்து முகர்ந்தார். பிறகு, நான் என் கண்ணால் பார்த்தேன், அந்த மூக்குப்பொடி விரலால் நுரையைத் தொட்டு நாக்கில் வைத்தார்.

"ஏ புள்ள நதியா. என்ன, கள்ளு ஊறப் போட்டிருக்கியா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிப்பு வந்ததும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"பாத்தீகளாப்பா. அப்பன் விட்டுட்டுப் போன தொழில மக எடுத்துட்டா."

எங்கள் அப்பா குடித்தே செத்தவர். ஊரில் எல்லோருக்கும் தெரியும். அந்த அறையில் இருந்த பெரியவர்கள்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அந்த நுரையின் வாடைக்காக அல்ல.

நதியா பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சார், சூடே இல்லாம எப்புடி சார் ஏறுச்சு?" என்று கேட்டாள். அவ்வளவு பேர் நடுவில் அவளுக்கு அதுதான் கேள்வி.

"அங்கன கொண்டுபோயி தொட்டியில கொட்டுத்தா மொதல்ல. நாறுது."

"கொட்டல சார். வீட்டுக்குக் கொண்டுபோறேன்."

எரிமலையைத் தேர்ந்தெடுத்தார்கள். முத்துராஜா பேரைத் தேனிக்கு எழுதி அனுப்பினார்கள்.

வழியெல்லாம் நான் அந்த ஆளைத் திட்டிக்கொண்டே வந்தேன். நதியா பையைத் திறந்து திறந்து மோந்து பார்த்துக்கொண்டு வந்தாள்.

"அவரு சொன்னது சரியாத்தேன் இருக்கும்க்கா. இது சாராயமாத்தேன் மாறிக்கிட்டு இருக்கு."

"ஏன்டி, ஒனக்கு ரோசமே கெடையாதா? அத்தன பேரு முன்னால அப்பாவச் சொல்லியிருக்கான்."

"சொன்னாரு. ஆனா நக்கிப் பாத்துட்டுத்தான சொன்னாரு. அது ஏன் பொங்குச்சுன்னு தெரியாம சொல்லியிருப்பாரு, ருசி கள்ளு மாதிரி இருந்ததுனால."

வீட்டுக்குள் அதைக் கொண்டுவரக் கூடாது என்று சொல்லிவிட்டேன். கொல்லைப்புறம் சாக்கடைக்கு அந்தப் பக்கம் வைத்துக்கொண்டாள். மறுபடியும் குழிக்குள் இறங்கி இன்னும் இரண்டு பாட்டில் எடுத்துவந்தாள். நான் மறுபடியும் கழுவினேன், வேறு வழி. ஒன்றில் பிழிந்தபடியே பச்சைச் சாறு. இன்னொன்றில் அடுப்பில் கொதிக்க வைத்து ஆறிய சாறு. இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போகும்போதும் வரும்போதும் குந்தி உட்கார்ந்து பார்த்தாள். பச்சைச் சாறு பொங்கி வழிந்து ஈயை அழைத்தது. கொதித்த சாறு வெயிலுக்கு ஏறி, நிழலுக்கு இறங்கி, சொன்னபடி கேட்டது. "அந்தச் சாறுக்குள்ள என்னமோ உசுரோட இருக்குக்கா. கொதிக்க வச்சா செத்துப்போகுது" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகம் இருந்த இருப்புக்காக, அழுகின திராட்சையையும் ஒரு நாள் மன்னிக்கலாம் போலிருந்தது.

ஒரு சாயங்காலம் அய்யாத்துரை சார் எங்கள் வீட்டுக்கு வந்தார். வாத்தியார் வீட்டுக்கு வந்ததில் அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"உக்காருங்க சார். காப்பித்தண்ணி குடிக்கிறீகளா?"

"இருக்கட்டும்மா." உட்கார்ந்து, பொடி போட்டு, விரலை நாற்காலியின் கைப்பிடிக்கு அடியில் துடைத்தார். "மேல இருந்து சொல்லிட்டாக. கடையில வாங்குன சாமான் கொண்டுவரக் கூடாதாம். பிள்ளைக கையால செஞ்சதா இருக்கணுமாம். நம்ம நதியா ஏதோ திருப்பிச் செஞ்சு வச்சிருக்கான்னு பயலுக சொன்னாய்ங்க."

நதியா ஓடிப்போய்க் கொதித்த சாறு பாட்டிலை எடுத்துவந்து காட்டினாள். அவர் உள்ளங்கையால் பொத்திப் பார்த்தார். நூல் ஏறியது.

"நல்லா இருக்கே. சரி, முத்துராஜா இதக் கொண்டுபோகட்டும்."

"அவன் எதுக்கு சார்?" என்றேன் நான்.

"பேரு எழுதி அனுப்பியாச்சும்மா. இனிமே மாத்த முடியாது. அவங்க அப்பாதேன் வேன் விடுறாரு." நதியா பக்கம் திரும்பினார். "நீயும் வேன்ல வந்துரு புள்ள. அவன் முன்னால நின்னு சொல்லட்டும், நீ பின்னால நின்னுக்க. அங்கன மைக்ராஸ்கோப்பு வச்சிருப்பாக. ஆச தீரப் பாரு. யாரு வேண்டாம்னா?"

அம்மா உடனே, "குடுத்துருத்தா. சாரே வந்து கேக்காக" என்றார்.

நான் நதியாவைப் பார்த்தேன். அவள் கொடுத்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். மைக்ராஸ்கோப் என்றதும் கழுத்து முன்னால் வந்துவிட்டது. பாட்டிலை மார்போடு பிடித்திருந்த கை தளர்ந்தது.

"அவன் கிட்ட ஏன் கொதிக்க வச்சீகன்னு கேப்பாக சார். அவனுக்குச் சொல்லத் தெரியணுமே."

"அதெல்லாம் நான் சொல்லிக் குடுத்துக்கிறேன். பழத்தோல்ல ஈஸ்ட்டு இருக்கும். சக்கரையத் தின்னு காத்த விடும். அந்தக் காத்துதேன் தண்ணிய மேல தள்ளுது. நொதிச்சுப் போறதுன்னு பேரு. கொதிக்க வச்சா ஈஸ்ட்டு செத்துரும். அம்புட்டுத்தான, இதுல என்ன இருக்கு?"

அவர் சொல்லி முடித்த பிறகும் நதியா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது அன்னைக்கே தெரியுமா சார் ஒங்களுக்கு?"

"என்னைக்கு?"

"நக்கிப் பாத்தீகளே, அன்னைக்கு."

அவர் சிரித்தார். "நல்ல கேள்வி கேட்ட. இருவது வருசமா சயின்ஸ் எடுக்கேன், தெரியாமயா? சும்மா ஒரு தமாசுக்குச் சொல்றதுதான புள்ள."

என் தங்கை முகம் கோணியதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. செத்த பல்லிக்கும் மாட்டாஸ்பத்திரிக் குழிக்கும் கோணாத முகம். மூக்கு சுருங்கி, மேலுதடு ஏறி, எச்சிலை விழுங்கினாள். முற்றத்துக்குப் போனாள். மெழுகைப் பெயர்த்து, ரீஃபிலை உருவி, ரப்பர் மூடியைப் பிடுங்கி, சாறு முழுவதையும் மண்ணில் கவிழ்த்தாள். பின்னால் கட்டியிருந்த அளவு அட்டையைச் சுருட்டிப் பாவாடை மடிப்பில் சொருகிக்கொண்டாள். பிறகு உள்ளே வந்து வெறும் பாட்டிலையும் மூடியையும் ரீஃபிலையும் அவர் முன்னால் தரையில் வைத்தாள்.

"இந்தாங்க சார். மத்தத முத்துராஜாவச் செய்யச் சொல்லுங்க. பழம் அவுக தோட்டத்துலயே கெடக்கு."

"ஏய், என்ன திமிரு இது?" அவர் எழுந்துவிட்டார். "ஏம்மா, பொம்பளப் பிள்ளைய வளக்குற லட்சணமா இது? நாளைக்கு எங்கிட்டத்தான மார்க்குக்கு வரணும்."

"சார், சின்னப்புள்ள சார்" என்று அம்மா கையைப் பிசைந்தார். எனக்குப் பேச நிறைய இருந்தது. ஆனால் வாயைத் திறந்தால் வார்த்தை மட்டும் வராது என்று பயந்து, வாசல் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் பாட்டிலை எடுக்கவில்லை. போகிற போக்கில் செருப்புக் காலால் உருட்டிவிட்டுப் போனார்.

அம்மா இரண்டு பேரையும் திட்டித் தீர்த்தார். வாத்தியாரைப் பகைத்துக்கொண்டு யார் உருப்பட்டிருக்கிறார்கள் என்று கேட்டார். நான் சலவைச்சோடா போட்டு நாற்காலியைக் கைப்பிடிக்கு அடியிலும் விட்டுவைக்காமல் தேய்த்தேன். நதியா பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் ஊற்றினாள். "பாத்திருக்கலாம்க்கா" என்று மட்டும் ஒரு தடவை சொன்னாள். மைக்ராஸ்கோப்பைச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். பார்த்திருக்கலாம்தான். அந்த வருட அறிவியல் மார்க்கில் அவர் தன் கைவரிசையை நன்றாகவே காட்டினார். அவள் எட்டாவது முடித்ததும் கம்பத்தில் வேறு பள்ளியில் சேர்த்தேன். பஸ்ஸுக்கு என் திராட்சைக் கூலி போனது. போகட்டும்.

தேனிக்கு வேன் போன அன்று காலையில் நாங்கள் இரண்டு பேரும் குழாயடியில் நின்றோம். முன் சீட்டில் முத்துராஜா, புதுச் சட்டை. அவன் மடியில் ஒரு தட்டு, தட்டில் எலுமிச்சம்பழங்களும் கம்பிகளும் ஒரு குட்டி பல்பும்; எலுமிச்சையில் மின்சாரம் எடுக்கிற செய்முறை. அதைச் செய்தவன் நதியாவின் வகுப்புக் கருத்தக்கண்ணன். அவன் அப்பா முத்துராஜா வீட்டுத் தோட்டத்தில் மருந்தடிக்கிறவர். அவன் ஏன் கொடுத்தான் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. கருத்தக்கண்ணன் கடைசி சீட்டில், ஸ்டெப்னி டயருக்கும் தண்ணீர்க் கேனுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தான். எங்களைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

நதியா அவனுக்குக் கையாட்டினாள்.

"அவனாச்சும் பாக்கட்டும்க்கா" என்றாள்.

எனக்கு வாயெல்லாம் புளித்த எச்சில் ஊறியிருந்தது. வேன் திரும்புகிறவரை காத்திருந்து, சாக்கடையில் துப்பிவிட்டு, குடத்தைத் தூக்கினேன்.